குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் எப்படி?
கரடுமுரடான பாதைகளுக்கான பிக்கப் டிரக்குகளை ஒப்பிட்ட கட்டுரை, 405 குதிரைத்திறன் இருக்கிறது என்பதற்காகவே ஃபோர்டு ரேஞ்சர் ராப்டருக்கு முதலிடம் தந்திருக்கிறது. சரளைப் பாதையில் விரட்டுவதற்கு அது சரி. பின்புறச் சுருள்வில்லும் ஃபாக்ஸ் நிறுவன அதிர்வுத்தாங்கிகளும் குலுக்கலை விழுங்கிவிடுகின்றன. பாறை ஏறும்போது அந்தத் திறனில் பாதிகூடத் தேவைப்படுவதில்லை. 310 குதிரைத்திறன் கொண்ட செவர்லே கொலராடோ இசட்ஆர்2-ஐ ஓட்டிப் பார்த்தேன். பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் வீணாகச் சுழன்றது. இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழலவைக்கும் லாக்கரின் பொத்தானை அழுத்தினேன். மண்ணில் பதிந்திருந்த மறுசக்கரம் ஒரு முறை உறுமிவிட்டு வண்டியை மேலே தூக்கிவிட்டது. டொயோட்டா டகோமா டிஆர்டி புரோவின் முன்னிருக்கைகளுக்கே தனி அதிர்வுத்தாங்கிகள் உண்டு. முதுகுக்குச் சுகம்தான், அந்த இருக்கைகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் இடிபடும் பின்னிருக்கைக்காரரின் முழங்காலை யார் கேட்பது? தார்ச்சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இவற்றை ஒப்பிடவே முடியாது.