ஏமி ராப்சார்ட்டைக் கணவர் மாடிப்படியில் தள்ளிக் கொன்றாரா?

"இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தை மணக்க, அவரது அரசவையில் இருந்த ராபர்ட் டட்லி தன் மனைவி ஏமியை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றார்; நீதிமன்றமும் அதை உறுதி செய்தது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1560 செப்டம்பர் 8 அன்று, ஆக்ஸ்போர்டுக்கு அருகே கம்னர் பிளேஸ் என்ற வீட்டில் ஏமி இறந்துகிடந்தார். அன்று டட்லி அரசியோடு விண்ட்சரில் இருந்தார். விசாரித்த நடுவர் குழு, படியில் தவறி விழுந்து கழுத்து முறிந்த விபத்து என்றே 1561ல் தீர்ப்பளித்தது. அந்த அறிக்கை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

சரி, சந்தேகமே இல்லையா? இருக்கிறது. தலையில் இரண்டு காயங்கள் இருந்ததாக அதே அறிக்கை சொல்கிறது. ஒன்று சுமார் 2 அங்குல ஆழம். ஆள் வைத்துக் கொன்றிருக்கலாம், தற்கொலையாக இருக்கலாம் என்றெல்லாம் வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. டட்லி மீது கொலைக் குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை. எலிசபெத்தும் கடைசிவரை அவரை மணக்கவில்லை.

கணவர் அரண்மனையிலேயே இருக்க, தனியாக வாழ்ந்த பெண் ஏமி. அவர் மரணத்தைக் கட்டுக்கதையாக்க வேண்டாம். அந்தச் செய்தியை தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.