குளோரினே இல்லாத குளம் என்று தலையில் கட்டினார்கள்

இன்று காலையில் என் உப்புத் தண்ணீர் நீச்சல் குளத்துத் தண்ணீரை எடுத்துப் பரிசோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தேன், பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 8.0. மூன்று நாளைக்கு முன்னால்தான் ஆசிட் ஊற்றி 7.4-க்கு இறக்கி வைத்தேன், அதற்கும் நாலு நாள் முன்னால் இதே ஆசிட், இதே கையுறை, மூக்கைத் துளைக்கும் இதே நெடி. இரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. உப்புத் தண்ணீர்க் குளத்தை விற்க வருகிறவர் யாராவது உங்களிடம் "அது பாட்டுக்கு ஓடும், நீங்கள் தொடவே வேண்டாம்" என்று சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். என்னிடம் அப்படிச் சொன்னவர் மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே நினைவிருக்கிறது. "குளோரினே வேண்டாம் சார், வெறும் உப்புதான். வருஷத்துக்கு ஒரு தடவை உப்பைக் கொட்டினால் போதும், மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும்." இதில் முதல் வாக்கியமே பொய். உப்பு என்பது சோடியம் குளோரைடு. அந்த மெஷினுக்குள் இருக்கும் செல்லில், அதாவது உலோகத் தகடுகள் அடுக்கிய பாகத்தில், மின்சாரம் பாயும்போது உப்புத் தண்ணீர் பிரிந்து குளோரின் உண்டாகிறது, அந்தக் குளோரின்தான் கிருமியைக் கொல்கிறது, வேறு ஒன்றும் இல்லை. உப்புக் குளமும் குளோரின் குளம்தான், கடையில் வாங்கி ஊற்றுவதற்குப் பதிலாக நம் வீட்டிலேயே தயாரிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். குளோரின் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்காக இதைக் கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

நல்லது இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் உடம்புக்கு மெத்தென்று இருக்கிறது, குளோரின் அளவு திடீரென்று ஏறி இறங்காமல் சீராக இருந்தால் கண் எரிச்சலும் குறைவுதான். உப்பும் ஒன்றும் பயங்கரமான அளவில் இல்லை, கடல் தண்ணீரில் சுமார் 35,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கும், குளத்துக்கு 3,000-த்தை ஒட்டி இருந்தால் போதும். என் குளம் 50,000 லிட்டர், ஆரம்பத்தில் 160 கிலோ உப்பு கொட்டியதில் 3,200 வந்தது. பிள்ளைகள் இறங்கிவிட்டால் மேலே ஏற மனசே வருவதில்லை, அதைப் பார்க்கும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தைக் காட்டித்தானே மீதி எல்லாவற்றையும் மறைத்து விற்கிறார்கள், எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

பிஎச் விஷயத்துக்கு வருகிறேன். செல்லில் குளோரின் உண்டாகும்போது கூடவே ஹைட்ரஜன் வாயுவும் பொடிப்பொடிக் குமிழியாக வருகிறது. அந்தக் குமிழிகள் தண்ணீரைக் கலக்கிவிட்டு அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிவிடும். அது போகப் போக பிஎச் ஏறும். இது மெஷினில் உள்ள பழுது இல்லை, அதன் இயல்பே இதுதான், எல்லா உப்புக் குளத்திலும் நடக்கும். காரத்தன்மை, அதாவது ஆசிட்டுக்கு ஈடுகொடுக்கும் பைகார்பனேட் மாதிரிப் பொருள்களின் அளவு (பிஎச் வேறு, இது வேறு), அதிகமாக இருந்தால் பிஎச் இன்னும் வேகமாக ஏறும், அதனால் உப்புக் குளத்தில் அதை 60-லிருந்து 80 பிபிஎம்முக்குள் தாழ்வாக வைத்துக்கொண்டால் ஆசிட் செலவு குறையும் என்று அனுபவஸ்தர்கள் சொல்கிறார்கள். இது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. அதுவரைக்கும் என்ன நடந்தது தெரியுமா? பராமரிப்புக்கு வருகிறவர் மாதாமாதம் வந்து காரத்தன்மையை அளந்து, "குறைந்திருக்கிறது" என்று சோடா உப்பைக் கொட்டி 120-க்கு ஏற்றிவிட்டுப் போவார். அவர் ஏற்றிவிட்டுப் போன காரத்தன்மையால் பிஎச் எகிறும், நான் வாரம் இரண்டு தடவை ஆசிட் ஊற்றி இறக்குவேன், அந்த ஆசிட் காரத்தன்மையையும் சேர்த்துக் குறைக்கும், அடுத்த மாதம் அவர் வந்து "குறைந்திருக்கிறது" என்பார். இருபது மாதத்துக்கு மேல் இப்படி ஒருவர் ஏற்ற ஒருவர் இறக்க, இரண்டுக்கும் காசு கொடுத்தது நான்! சாதாரணக் குளத்துக்கு எழுதி வைத்த கணக்கை அப்படியே உப்புக் குளத்துக்கும் போட்டிருக்கிறார், கேட்டால் "எல்லாக் குளமும் ஒன்றுதானே" என்கிறார். ஒன்றுதான் என்றால் விற்கும்போது ஏன் வேறு என்று சொன்னீர்கள்?

ஆனால் இதையெல்லாம் மன்னித்தாலும் அந்தச் சிவப்பு விளக்கை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் மெஷினில் "உப்பு குறைவு" என்று விளக்கு எரிந்தது. விற்ற கம்பெனிக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் இருந்தவர் ஒரு கேள்வி கேட்கவில்லை, தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று கேட்கவில்லை, செல்லைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. "இரண்டு மூட்டை போடுங்க சார்." 50 கிலோ போட்டேன். மறுநாளும் விளக்கு எரிந்தது. "இன்னும் ஒன்று போடுங்க." போட்டேன். அப்புறமும் எரிந்தது.

உப்பு ஆவியாகாது. இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் யார்? தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு குளத்திலேயே தங்கும். தண்ணீர் வெளியே தெறித்தால், ஃபில்டரைப் பேக்வாஷ் செய்தால் (தண்ணீரைத் திருப்பி விட்டு அழுக்கை வெளியே தள்ளிக் கழுவினால்), எங்காவது கசிந்தால், மழை கொட்டிக் குளம் நிரம்பி வழிந்தால், இப்படித் தண்ணீரோடு சேர்ந்து போனால்தான் உப்பு போகும். குளிர்காலத்தில் யாருமே இறங்காத குளத்தில் திடீரென்று உப்பு எங்கே போயிருக்கும் என்று அந்த மனிதர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதுமே! பெரும்பாலான மெஷின்கள் உப்பை நேரடியாக அளப்பதில்லை, தகடுகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து உப்பு இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடும். தண்ணீர் குளிர்ந்தால் மின்சாரம் குறைவாகப் பாயும், தகட்டில் சுண்ணாம்பு படிந்தாலும் அப்படித்தான். இரண்டிலும் மெஷின் உப்பு குறைவு என்றுதான் கத்தும். தனியாக உப்பு அளக்கும் சொட்டுப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை. அதை நான் மூன்று மூட்டைக்கு அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அளந்தால் 4,700.

செல்லைக் கழற்றினேன். தகடுகளுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டிருந்தது. நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட்டை ஊற்றி (ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள்) கொஞ்ச நேரம் ஊற வைத்துக் கழுவி மாட்டினேன். உடனே "உப்பு அதிகம்" என்று மெஷின் நின்றுவிட்டது. உப்பைக் குறைக்க எனக்கு இருந்த வழி, தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவதுதான். மூன்றில் ஒரு பங்கு, 16,000 லிட்டர். அவ்வளவு தண்ணீரைக் கண் முன்னால் ஓடவிட்டேன். அதையும் எங்கே விடுவது? உப்புத் தண்ணீரை மண்ணில் விட்டால் செடி கருகும். கால்வாயில் விடலாமா என்றால் பல ஊர்களில் அதற்குத் தடை உண்டு. ஒரு போன் காலில் யோசிக்காமல் சொன்ன ஒரு வார்த்தைக்கு 16,000 லிட்டர்! அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அதே ஆள் பிறகு வந்து பார்த்துவிட்டு "மாசத்துக்கு ஒரு தடவை ஆசிட்டில் போட்டுக் கழுவிடுங்க" என்றார். டைட்டானியம் தகட்டின் மேல் ருத்தீனியம் ஆக்சைடு மாதிரி ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, குளோரின் உண்டாவதே அந்தப் பூச்சால்தான். அடிக்கடி ஆசிட்டில் ஊற வைத்தால் அது அரித்துப்போகும், படிவு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் கழுவினால் போதும். ஒழுங்காக வைத்துக்கொண்டாலும் ஒரு செல் மூன்றிலிருந்து ஏழு வருஷம்தான் வரும், மெஷினிலேயே விலை அதிகமான பாகம் அதுதான். வாங்கும்போது இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. குளோரின் வாங்கும் செலவு மிச்சம் என்று குளத்தை விற்றவர் ஒரு தாளில் கூட்டிக் கழித்துக் காட்டினாரே, அந்தத் தாளில் செல் மாற்றும் செலவு எந்த வரியில் இருந்தது?

வெயிலைப் பற்றியும் சொல்லவில்லை. ஸ்டெபிலைசர் என்கிற சயனூரிக் ஆசிட் தண்ணீரில் போதிய அளவு இல்லாவிட்டால் மெஷின் உண்டாக்கும் குளோரினில் பெரும்பகுதியை ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெயில் தின்றுவிடும். முதல் கோடை முழுக்க மெஷினை நூறு சதவீதத்தில் ஓடவிட்டும் தண்ணீர் பச்சையாகவே இருந்தது, சுவரெல்லாம் பாசி. ஸ்டெபிலைசரை 70 பிபிஎம்முக்குக் கொண்டு வந்த பிறகு அறுபது சதவீதமே போதுமானதாக இருக்கிறது.

அப்புறம் துரு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏணி என்று நம்பிப் போட்டேன், இரண்டாம் வருஷமே அடிப்பக்கம் பழுப்புப் புள்ளி. குளத்தின் ஓரத்துக் கல்லில் தெறித்த தண்ணீர் காயக் காய உப்பு கல்லின் துளைக்குள் படிகமாகி மேல்தோல் உரிந்து வருகிறது, கையால் தடவினால் மாவு மாதிரி உதிர்கிறது. துரு பிடிக்க வாய்ப்புள்ள உலோகங்களைக் காப்பாற்ற துத்தநாகக் கட்டி ஒன்றை இணைப்பது பழைய வழக்கம். உப்புக்குத் தாங்கும் கல் எது, தாங்காத கல் எது என்பதும் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

விற்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. "இதுவும் குளோரின் குளம்தான், வாரத்துக்கு இரண்டு தடவை பிஎச் பார்க்க வேண்டும், ஆசிட் ஊற்ற வேண்டும், சில வருஷத்தில் செல் மாற்ற வேண்டும்" என்று சொல்லுங்கள். சொன்னாலும் நான் வாங்கியிருப்பேன்! தெரிந்து வாங்கியிருப்பேன், பட்டைத் தாளை நனைத்து நிறம் பார்ப்பதற்குப் பதிலாக முதல் நாளே நல்ல சொட்டுப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருப்பேன், அந்த 16,000 லிட்டர் குளத்திலேயே இருந்திருக்கும்.

பராமரிப்பு ஆளைப் போன மாதத்தோடு நிறுத்திவிட்டேன். சோடா உப்பு மூட்டையையும் அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். காரத்தன்மை 120-லிருந்து இப்போது 100-க்கு வந்திருக்கிறது, 70-ஐத் தொடும் வரை இப்படியே ஆசிட்டால் இறக்கிக்கொண்டு வர வேண்டும். சாயங்காலம் பிள்ளைகள் இறங்குவதற்குள் 7.4 வர வேண்டும். பம்ப்பைப் போட்டுவிட்டேன், கையுறையை எடுக்கப் போகிறேன்.