124 பாயிண்ட் எடுத்த இரண்டு பையன்கள்

ஜூனியர் ஐஸ் ஹாக்கியில் பத்தொன்பது, இருபது வயது ஃபார்வர்டு, அதாவது தாக்கி ஆடும் ஆட்டக்காரன் ஒருவன், கோல் அடித்துக் குவித்தால் உடனே ஒரு பேச்சு கிளம்பும்: "பெரிய பையன், சின்னப் பசங்களோட ஆடுறான், அடிக்காம என்ன செய்வான்?" கனடாவின் ஒஷாவா நகர அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்து பல குளிர்காலங்களாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியால் நல்ல ஆட்டக்காரர்கள் தவறிப்போகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

பழக்கமில்லாதவர்களுக்கு: ஒன்டாரியோ, கியூபெக், மேற்கு மாகாணங்கள் என்று கனடாவில் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகள். பெரும்பாலும் 16 முதல் 20 வயதுப் பையன்கள் ஆடுவார்கள். இருபது வயதுக்காரர்களை ஓவரேஜ் என்பார்கள்; அணிக்கு மூன்று பேருக்குத்தான் இடம். வட அமெரிக்காவின் உச்ச தொழில்முறை லீக் என்.எச்.எல். அதன் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்; அது முதல் முறை 18 வயதில் வரும். அதில் யாரும் எடுக்காமல் விட்ட பையன் அடுத்த டிராஃப்டிலும் இருப்பான். ஆனால் அதற்குள் அவன் மேல் "ஒருமுறை வேண்டாம் என்று விடப்பட்டவன்" என்ற முத்திரை விழுந்திருக்கும்.

சரி, இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஜஸ்டின் அசெவெடோ 2007-08 சீசனில் ஒன்டாரியோ லீக்கின் கிச்சனர் அணிக்காக 124 பாயிண்ட் எடுத்தார் (கோலுக்கும், கோலுக்கு உதவிய பாஸுக்கும் தலா ஒரு பாயிண்ட்). யானி கூர்டு 2011-12இல் கியூபெக் லீக்கின் விக்டோரியாவில் (Victoriaville) அணிக்காக அதே 124. இருவருமே அந்தந்த லீக்கில் முதலிடம், இருவருக்கும் சிறந்த ஆட்டக்காரர் விருது, இருவருமே ஐந்தடி ஒன்பது அங்குலத்தைத் தாண்டாதவர்கள். அசெவெடோவை அந்த ஆண்டு டிராஃப்டில் ஆறாவது சுற்றில் லாஸ் ஏஞ்சலிஸ் எடுத்தது. அவர் ஒரு என்.எச்.எல். ஆட்டம்கூட ஆடவில்லை, ரஷ்யாவுக்குப் போய் 2018இல் அங்குள்ள பெரிய லீக்கின் ககாரின் கோப்பையை வென்ற கசான் அணியில் இருந்தார். கூர்டை எந்த டிராஃப்டிலும் யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நிலை லீக்கான ஈ.சி.எச்.எல்.லில் ஆடி, அங்கிருந்து மேலேறி, 2017-18இல் என்.எச்.எல்.லின் டாம்பா பே அணிக்கு 64 பாயிண்ட் எடுத்தார். 2020, 2021 என்று என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இரண்டு முறை.

இதில் வயதுக் கணக்கைப் பாருங்கள். கூர்டு 1991 டிசம்பரில் பிறந்தவர் என்பதால் அந்த சீசனில் ஓவரேஜ். அசெவெடோ 1988 ஏப்ரல், அதனால் ஓவரேஜ் இல்லை. உண்மையில் அந்தந்த சீசன் தொடங்கியபோது இருவருக்கும் இருந்த வயது வித்தியாசம் நான்கு மாதத்துக்கும் குறைவு! லீக் பிறந்த ஆண்டை வைத்து எண்ணுகிறது, டிராஃப்ட் செப்டம்பர் 15ஐ வைத்து எண்ணுகிறது. இரண்டுக்கும் நடுவில் பிறந்த பையன்கள் ஒவ்வொரு கணக்கிலும் ஒவ்வொரு வயதாகத் தெரிகிறார்கள். ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களை என்.எச்.எல். அணிகள் அவர்கள் தகுதிக்கு மிகவும் பின்னால்தான் எடுக்கின்றன என்று 2013இல் ஓர் ஆய்வே வந்தது. ஓவரேஜ் என்றதும் பாயிண்டைக் கழிப்பவர்கள் முதலில் பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும்.

ஆனால் வயதைச் சரியாகக் கணக்கிட்டாலும் 124உம் 124உம் ஒன்றாகத்தான் நிற்கும். அந்தப் பாயிண்ட் எப்படி வந்தது என்பதில்தான் விஷயம். பவர் ப்ளேயில் (எதிரணியில் ஒருவர் தண்டனையால் வெளியே இருக்கும் நேரத்தில்) ஓரமாக நின்று நிதானமாகப் பாஸ் கொடுக்கும் இருபது வயதுப் பையனுக்கு ஜூனியரில் நிறைய நேரம் கிடைக்கும். வளர்ந்த ஆண்களுக்கு எதிராக அந்த நேரம் கிடைக்காது. இரு பக்கமும் சமமாக ஐந்துக்கு ஐந்து பேர் ஆடும்போது எத்தனை வந்தது, கோல் வலைக்கு முன்னால் இடிபட்டு எத்தனை வந்தது, பக் (ஹாக்கியின் ரப்பர் வட்டு) கையைவிட்டுப் போனதும் திரும்பி ஓடுகிறானா அல்லது மிதக்கிறானா என்று பார்ப்பேன். கடைசிக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். 2021 ஸ்டான்லி கோப்பை அரையிறுதியின் ஏழாவது ஆட்டத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு எதிராக விழுந்தது ஒரே ஒரு கோல். டாம்பா ஓர் ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்தபோது அதை அடித்தவர் கூர்டு. ஜூனியரில் பாயிண்ட் எடுக்க மட்டும் தெரிந்தவனை எந்தப் பயிற்சியாளரும் அந்த நேரத்தில் பனியில் இறக்க மாட்டார்.

அப்புறம், தாமதமாக மலர்வது அபூர்வமும் இல்லை. ஆண்ட்ரூ மாஞ்சியபானி 2014 டிராஃப்டில் விடப்பட்டார். அடுத்த சீசனில் ஒன்டாரியோ லீக்கின் பாரி அணிக்கு 104 பாயிண்ட், அப்போதும் 166ஆவது இடத்தில்தான் எடுத்தார்கள். 2021-22இல் என்.எச்.எல்.லில் கால்கரி அணிக்கு 35 கோல். அதே பாரியில் ஆடிய டானர் பியர்சன் இரண்டு முறை விடப்பட்டு, 2012இல் முதல் சுற்றின் கடைசி ஆளாகப் போனார். இரண்டே ஆண்டில் ஸ்டான்லி கோப்பை. பதினேழு வயதில் நான்காம் வரிசையில் ஆட்டத்துக்கு எட்டு நிமிடம் ஆடியவனையும் முதல் வரிசையில் இருபது நிமிடம் ஆடியவனையும் ஒரே தராசில் வைத்துவிட்டு, "திறமை இருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்" என்பது நியாயமா?

இப்போது நிலைமை இன்னும் மாறுகிறது. 2025 ஆகஸ்டிலிருந்து இந்த லீக்குகளில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்குப் போகலாம். முன்பு அந்தக் கதவு மூடியிருந்தது. நல்ல பத்தொன்பது, இருபது வயதுக்காரர்கள் பலர் அங்கே போய்விட்டால், ஜூனியரிலேயே தங்குபவனின் பாயிண்டை மதிப்பிடுவது கடினமாகும். ஆனால் எனக்கு இதில் மகிழ்ச்சிதான். கூர்டு ஈ.சி.எச்.எல்.லில் கழித்த காலத்தை இன்றைக்கு அவரைப் போன்ற ஒரு பையன் கல்லூரியில், இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது ஆட்களுக்கு எதிராக ஆடிக் கழிக்கலாம், ஸ்கவுட்கள் (அணிகளுக்காகத் திறமை தேடுபவர்கள்) பார்க்கும் இடத்தில்.