வகுப்பை விடுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல்

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அண்ணா, ஒரு பாடம் சுத்தமாப் புரியல. டிராப் பண்ணினா விசாவுக்குப் பிரச்சினை வருமா?" மூவருமே அமெரிக்காவில் இளங்கலை படிப்பவர்கள். உங்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டீர்களா என்றேன். "அங்க போகப் பயமா இருக்கு" என்பதுதான் மூவரின் பதிலும்.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இரண்டாவது செமஸ்டரில் 13 கிரெடிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு) எடுத்திருந்தேன். அதில் 4 கிரெடிட் பாடம் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு நள்ளிரவில் ஆன்லைனில் நுழைந்து டிராப் என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். யாரும் தடுக்கவில்லை, ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் இளங்கலை மாணவர் 12 கிரெடிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று ஓரியன்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது வந்திறங்கிய முதல் வாரம். தூக்கக் கலக்கத்தில் கேட்ட நூறு விஷயங்களில் அதுவும் ஒன்று.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நடுங்கிக்கொண்டே போனேன். அட்வைசர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பேராசிரியரிடம் பேசி, அந்தப் பாடத்தில் மறுபடி சேர்த்துவிட்டார். அப்புறம் சொன்னார்: "முன்னாடியே வந்திருந்தால் இதற்கு வேறு வழி இருந்தது."

அந்த வேறு வழியைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். குறைந்த பாடச்சுமைக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. தொடக்கத்தில் ஆங்கிலத்தில் சிரமம், வாசிக்க வேண்டியதைச் சமாளிக்க முடியாமை, அங்குள்ள கற்பிக்கும் முறை பழக்கமில்லாதது, தகுதிக்கு ஒவ்வாத நிலையில் பாடம் கிடைத்தது எனக் காரணங்களை விதியே எழுதி வைத்திருக்கிறது. படித்தபோது என்னைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. இதன்படி ஒரு செமஸ்டருக்கு 6 கிரெடிட் வரை இறங்கலாம். ஒரு பட்டப்படிப்பில் ஒரு தடவைதான் இந்தச் சலுகை, அடுத்த செமஸ்டரில் முழுச் சுமைக்குத் திரும்பிவிட வேண்டும். உடல்நலமோ மனநலமோ கெட்டால் மருத்துவர் அல்லது உளவியலாளரின் கடிதத்தோடு மொத்தம் 12 மாதம் வரை குறைத்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் ஒரு பாடம்கூட இல்லாமல் இருக்கலாம். ஒரே நிபந்தனை, பாடத்தை விடுவதற்கு முன் அட்வைசரின் ஒப்புதல் வாங்கி, அது வெளிநாட்டு மாணவர்களின் நிலையைப் பதியும் அரசின் கணினித் தளமான செவிஸில் பதிவாக வேண்டும். விட்ட பிறகு போய் நின்றால், உதவ நினைப்பவரின் கையும் கட்டப்பட்டுவிடுகிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் போவதில்லை? உதவி செய்யும் அதே மேசைதான் அரசுக்குத் தகவல் அனுப்பும் மேசையும். 2003 முதல் அமெரிக்காவில் இந்த அட்வைசர்கள்தான் செவிஸில் மாணவரின் நிலையைப் பதிகிறார்கள். பிரிட்டனிலும் விசாவுக்குப் பொறுப்பேற்கும் பல்கலைக்கழகம், மாணவர் படிப்பைப் பாதியில் நிறுத்தினால் குடிவரவுத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். இது தெரிந்த மாணவர், வாயைத் திறந்தாலே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணிக்கொள்கிறார். பிறகு கவுன்சிலிங் பக்கமும் போவதில்லை. அதுவும் அரசுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்.

இதில் பல்கலைக்கழகங்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. எது அரசுக்குப் போகும், எது போகாது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, அலுவலக வாசலிலேயே ஒட்டி வைக்கலாமே. நீங்கள் படிப்பில் சேர்ந்திருக்கிறீர்களா, முகவரி மாறியதா, படிப்பு மாறியதா என்பவை போகும். கவுன்சிலரிடம் அழுதது போகாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற ஒரு சில நிலைமைகள் தவிர அந்த அறையில் பேசியது அந்த அறையோடு சரி. இதை யாராவது அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் நான் நான்கு மாதம் தனியாகத் தவித்திருக்க மாட்டேன்.

இன்னொன்று, உதவி வந்துசேரும் நேரம். 1955-இல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், ஃபுல்பிரைட் என்ற அமெரிக்கக் கல்வி உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த சுமார் 200 நார்வேக்காரர்களைப் பற்றி எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் அங்கே நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. இடையில், ஆறிலிருந்து 18 மாதம் வரை இருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறியிருந்தார்கள். எல்லோருக்கும் இதே கணக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் மூத்த மாணவனாகி, புதியவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த இரண்டு வருடத்திலும் பார்த்தது இதைத்தான். முதல் வாரத்தில் விமான நிலையத்துக்கே வண்டி வரும், பை நிறைய கையேடு கிடைக்கும், கூட்டம் கூட்டமாகப் படம் எடுத்துக்கொள்வோம். எட்டாவது மாதத்தில், தேர்வில் முதல்முறையாகத் தோற்று அறைக்குள் முடங்கும்போது, எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஆளில்லை.

ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவருக்கான ஆதரவு, கல்லூரி மனம்வைத்தால் தரும் உபகாரம் கிடையாது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் தேசிய விதித்தொகுப்பு, படிப்புக்கும் நலத்துக்குமான உதவியை மாணவரிடம் கூடுதல் கட்டணம் வாங்காமல் தர வேண்டும், தொடர்புக்கென ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனாலும் அந்த ஒருவர் மாணவர் தேடி வரட்டும் என்று காத்திருந்தால் கதை பழையபடிதான். ஆறாவது மாதத்தில் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு கடிதம், பதில் வராதவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. நான் கேட்பது இவ்வளவுதான். உதவி கேட்டு வருபவரைவிட, வராமல் இருப்பவரைத்தான் தேட வேண்டும்.

என்னிடம் கேட்ட மூவரில் ஒருவர் நேற்று அலுவலகம் போய்விட்டார். படிவம் கொடுத்திருக்கிறார்கள், பேராசிரியரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற இருவரும் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். என்ன எழுதுவது என்று யோசித்து இன்னொரு நாளைத் தள்ளாதீர்கள். கீழே உள்ளதை ஆங்கிலத்தில் எழுதி, பெயரும் மாணவர் எண்ணும் சேர்த்து இன்றே அனுப்புங்கள். பதில் வரும் வரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

"ஒரு பாடத்தை விடலாமா என்று யோசிக்கிறேன். இன்னும் விடவில்லை. விடுவதற்கு முன் உங்களைச் சந்திக்க வேண்டும். இந்த வாரம் எப்போது வரலாம்?"