அமெரிக்காவின் 1986 குடியேற்றச் சட்டம் வெறும் பொதுமன்னிப்பு மட்டும்தானா?

"1986-ல் அமெரிக்க அதிபர் ரீகன் அனுமதியின்றிக் குடியேறிய எல்லாருக்கும் பொதுமன்னிப்பு கொடுத்தார், அவர்களுக்கு வேலை தருபவர்களைத் தண்டிக்கச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1986 நவம்பர் 6 அன்று கையெழுத்தான அந்தச் சட்டம்தான், அனுமதி இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைப்பதை அமெரிக்கா முழுவதும் சட்டவிரோதமாக்கியது. அங்கே வேலையில் சேரும் எவரும் தன் அடையாளத்தையும் வேலை அனுமதியையும் காட்ட நிரப்பும் ஐ-9 படிவம் அதில் பிறந்ததுதான். பொதுமன்னிப்பும் எல்லாருக்கும் இல்லை. 1982-க்கு முன்பிருந்தே வசித்தவர்களுக்கும், விவசாயத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கும்தான். சுமார் 27 லட்சம் பேர் சட்டப்படி தங்கும் உரிமை பெற்றார்கள்.

சரி, அப்புறம் ஏன் இந்தச் சட்டத்தின் மேல் இத்தனை அவநம்பிக்கை? அதற்கு நியாயம் இருக்கிறது. வேலையில் சேருபவர் இந்தப் படிவத்துக்காகக் காட்டும் அட்டை பார்வைக்கு உண்மையானது போல இருந்தாலே முதலாளி ஏற்றுக்கொள்ளலாம், அது போலியா என்று சோதிக்க வேண்டியதில்லை. போலி அட்டைகள் பெருகின. 1990-ல் சுமார் 35 லட்சமாக இருந்த ஆவணமற்றோர் எண்ணிக்கை 2007-ல் 1.2 கோடியைத் தாண்டியதாக பியூ ஆய்வு மையம் கணிக்கிறது. வேலை தருபவர்களைத் தண்டிக்கும் வாக்குறுதி சட்டத்தில் இருந்தது, நடைமுறையில்தான் தோற்றது. இந்த வித்தியாசம் முக்கியம்.

சட்டத்தின் முழு வாசகம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் 99-603 என்ற எண்ணில் இருக்கிறது. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள், அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.