14 வருடம் மீனாக இருந்தவள்

அரியணைச் சண்டைக் கதைகள் என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்று தனி நோட்டுப் போட்டு எழுதிவைக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட என்னை ஷானன் மெக்வயரின் அக்டோபர் டே நாவல் வரிசைக்குள் இழுத்துப்போட்டது ஒரு சூப்பர் மார்க்கெட் கல்லாப்பெட்டி.

கதை நடப்பது சான் பிரான்சிஸ்கோவில். மனிதர்களின் நகரத்துக்குள்ளேயே ஃபே இனத்தின் அரசு ஒன்று மறைந்திருக்கிறது. தேவதைகள் என்று எழுதினால் சிறகு முளைத்த குட்டிப் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இவர்கள் வேறு ரகம். மோகினிக்கும் யட்சிக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள். கதாநாயகி அக்டோபர், அதாவது டோபி, அப்பா வழியில் மனிதப் பிறவி, அம்மா வழியில் ஃபே. 1995இல் ஒரு பிரபுவின் மனைவியும் மகளும் காணாமல் போக, துப்பறியப் போகிறாள். கோல்டன் கேட் பூங்காவின் ஜப்பானியத் தேநீர்த் தோட்டத்தில் எதிரி அவளைக் கோய் மீனாக்கிக் குளத்தில் விட்டுவிடுகிறான். வெளியே வரும்போது 2009.

14 வருடம் என்றதும் நமக்கு வேறொருவர் ஞாபகம் வரும். அவருக்காவது அரியணையில் பாதுகை காத்திருந்தது. டோபி சின்னக் குழந்தையாக விட்டுப்போன மகள் இப்போது பதின்வயதுப் பெண். அம்மா தன்னைக் கைவிட்டுப் போனவள் என்றே நினைக்கிறாள். மீனாக இருந்தேன் என்று எந்த மனிதரிடம் சொல்வது? வயதாகிச் சாகாத ராஜகுலத்துக்கோ 14 வருடம் ஒரு மதியத் தூக்கம். இந்த இரண்டு காலக்கணக்குக்கும் நடுவில் நசுங்குகிறவளின் கண்வழியே அரண்மனையைக் காட்டுவதுதான் இந்த வரிசையின் பலம் என்பேன்.

மந்திரமெல்லாம் வேண்டாமென்று இரவு ஷிஃப்டில் கல்லாவில் உட்காருகிறாள். கூர்க் காதை மாயத்தால் மறைத்துக்கொண்டுதான் வேலை. விடியல் பட்டதும் மாயம் கலையும், உடம்பு வலிக்கும். இரவு வேலை முடிந்து வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அந்த வலிக்கு மந்திர விளக்கம் தேவைப்படாது. மாயம் செய்தால் ஆளுக்கு ஒரு வாசனை. இவளுக்குச் செம்பும் வெட்டிய புல்லும்.

சட்டம் இன்னும் மோசம். தூய ரத்தத்தைக் கொன்றால் குற்றம். கலப்பு ரத்தம் செத்தால் அந்தச் சட்டத்தின் கணக்கிலேயே வராது. இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன்.

அப்புறம், இவர்களிடையே நன்றி சொல்லவே கூடாது. சொன்னால் கடன்பட்டதாக ஒப்புக்கொண்ட மாதிரி. (எங்கள் வீட்டிலும் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. காரணம் வேறு.)

சூழ்ச்சியே பிடித்தவர்களுக்கு 2013இல் வந்த ஏழாவது புத்தகம் விருந்து. இனி வருவது கதை உடைப்பு, வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குப் போங்கள். 1906 நிலநடுக்கத்தில் அரசர் இறந்துபோக, நான்தான் மகள் என்று ஒருத்தி வந்து அரியணையில் உட்கார்ந்துவிடுகிறாள். நூறு வருடத்துக்கு மேல் அவள் ஆட்சிதான். உண்மையான வாரிசு எங்கே? அப்போது வலென்சியா தெருவில் நிஜமாகவே இருந்த ஒரு புத்தகக் கடையில், வேலை பார்த்துக்கொண்டு. அவளுக்கு ராணியாகும் ஆசையும் கிடையாது. அவளை இழுத்துவரப் படும் பாடு இருக்கிறதே!

குறையே இல்லையா என்றால், நிறைய. முதல் புத்தகத்தில் குற்றவாளியைப் பாதியிலேயே நான் பிடித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் டோபி ரத்த வெள்ளத்தில் கிடப்பாள், பிழைப்பாள். கொஞ்ச நாளில் பயமே விட்டுப்போகிறது. 2023இல் ஒரே கதையை அவள் பக்கமிருந்து ஒன்று, கணவன் பக்கமிருந்து ஒன்று என்று இரண்டு புத்தகமாகப் போட்டதை நான் மன்னிக்கவில்லை. சரி, இரண்டையும் வாங்கினேன்.

தொடங்குகிறவர்கள் மூன்றாவது வரை பொறுத்துக்கொள்ளுங்கள். களவுபோன குழந்தைகளைத் தேடி, கையில் ஒரு மெழுகுவர்த்தியோடு அவள் கிளம்புவது அதில்தான்.