தாபிக் குர்ஆனில் இல்லை

"கடைசிப் போர் சிரியாவின் தாபிக்கில் நடக்கும் என்று குர்ஆன் சொல்கிறது, ஐஎஸ் (இஸ்லாமிக் ஸ்டேட்) தீவிரவாத அமைப்பு அதைத்தான் நிறைவேற்றப் பார்த்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குர்ஆனில் தாபிக் என்ற பெயரே கிடையாது. அது வருவது ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பின் ஒரு ஹதீஸில். அதிலும் 'அல்-அஃமாக் அல்லது தாபிக்' என்றுதான் இருக்கிறது. ரோமர்கள் அங்கே வந்து இறங்குவார்களாம். அந்த ரோமர்களின் இடத்தில் அமெரிக்காவைக் கொண்டுவந்து உட்கார வைத்தது ஐஎஸ்ஸின் கைவேலை.

அங்கே பெரிய போர் ஒன்று 1516-லேயே நடந்து முடிந்துவிட்டது. உதுமானிய சுல்தான் முதலாம் சலீம், எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகளைத் தோற்கடித்தார். இரு தரப்பும் முஸ்லிம்கள். உலகம் முடியவில்லை.

சரி, ஐஎஸ் என்ன செய்தது? 2014-இல் ஊரைப் பிடித்தது, தன் ஆங்கில இதழுக்கு அந்தப் பெயரையே வைத்தது. அதே நவம்பரில் அமெரிக்க நிவாரணப் பணியாளர் ஒருவரைக் கொன்றுவிட்டு, உங்கள் மிச்சப் படைக்காக இங்கே காத்திருக்கிறோம் என்று தாபிக்கிலிருந்து வீடியோ விட்டது. ஆள் சேர்க்கவும் மிரட்டவும் நன்றாகவே உதவிய ஹதீஸ்.

2016 அக்டோபரில் துருக்கி ஆதரவு பெற்ற சிரியக் கிளர்ச்சியாளர்கள் வந்தபோது பெரிய எதிர்ப்பு இல்லாமலேயே ஊர் கைமாறியது. இது அந்த மாபெரும் போர் அல்ல என்று ஐஎஸ்ஸின் அரபு வார இதழ் சமாளித்தது. தாபிக் இதழும் அதற்குள் நின்றுபோய், ரோமைக் குறிக்கும் 'ரூமியா' வெளிவரத் தொடங்கியிருந்தது.